பால் கொடுக்கும் தாயும் தூக்க மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவமாகித் தூக்கம் கெட்டுக் கிடக்கும் பெண்ணுக்கு மருந்து வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. "அப்பா போட்டுக்கிற மாத்திரைதாம்மா, பாதி போட்டுக்கோ" என்று பரிவோடுதான் கொடுப்பார்கள். முதல் தவறு இதுதான். அந்த அட்டையில் இருப்பது டயசிபாமாக இருந்தால், அது உடம்பை விட்டு நீங்கப் பல நாள் ஆகும். தினமும் போட்டால் பால் வழியே குழந்தையிடமும் சேர்ந்துகொண்டே போகும். பச்சிளங் குழந்தையின் கல்லீரலால், அதிலும் குறைமாதக் குழந்தை என்றால், அதைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. குழந்தை பாலுக்கு எழாது, எழுந்தாலும் சரியாகச் சப்பாது, எடை ஏறாது. டயசிபாம், அல்பிரசோலம் அட்டைகளில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருப்பது சும்மா இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள் அவை.

அதற்காக, மாத்திரை என்றாலே பாலை நிறுத்திவிடுவதும் தவறு. சோல்பிடெம் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, சில மணி நேரத்தில் அளவும் குறைந்துவிடும். லோரசிபாமும் டயசிபாம் அளவுக்குத் தங்குவதில்லை. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய, குழந்தையின் வயதையும் பிறந்த எடையையும் மறக்காமல் சொல்லுங்கள். முன்பிருந்தே மாத்திரை எடுப்பவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம்.

என்னைக் கேட்டால், பாலைவிடப் படுக்கைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மாத்திரை போட்ட தாய் உருண்டு படுத்தாலும், போர்வை குழந்தையின் முகத்தை மூடினாலும் அவளுக்குத் தெரியாது. அன்று இரவு குழந்தை அதே படுக்கையில் வேண்டாம். ஒற்றை அறை வீடாக இருந்தாலும் தொட்டிலோ தனிப் பாயோ போட்டு, பாட்டியோ கணவரோ பக்கத்தில் படுக்கட்டும். முன்கூட்டியே பீய்ச்சிய பாலைச் சென்னை வெக்கையில் வெளியே விடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ராத்திரி குழந்தை அழுதால், சுடுதண்ணீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டலாம்.

தூக்கம் வருகிறதே என்று சளி சிரப்பைக் குடிப்பவர்களும் உண்டு. டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் இருக்கும் சிரப்புகள் குழந்தையையும் மயக்கத்தில் ஆழ்த்தலாம், பாலும் குறையலாம். கோடீன் இருந்தால் தொடவே வேண்டாம். சில தாய்மாரின் உடம்பு அதை, மூச்சையே மந்தமாக்கக்கூடிய மார்ஃபினாக வேகமாக மாற்றிவிடும் என்பதால், பாலூட்டுவோருக்குக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது.

குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். தூக்க மாத்திரை மட்டும் அதற்குப் போதாது. பிரசவம் பார்த்த மருத்துவரிடமே சொல்லலாம், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, மூச்சு மெதுவானாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108. போகும்போது தாய் போட்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.