2டி ஆயிலும் பெட்ரோலும்: கண்ணளவை விட்டுவிட்டு அளந்து கலக்குங்கள்

புல் வெட்டும் ப்ரஷ் கட்டர் திடீரென்று ஜாம் ஆகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு போனால் மெக்கானிக் முதலில் கேட்பது, "ஆயில் எவ்வளவு ஊத்தினீங்க?" என்றுதான். "ஒரு மூடி, ஒன்றரை மூடி இருக்கும்" என்று பதில் வந்தால் அவருக்கு விஷயம் பாதி புரிந்துவிடும். மூடி ஒரு அளவே இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் அடியில் தனியாக ஆயில் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த இடம் வழியாகத்தான் பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் ஏறுகின்றன, அதனால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க வழியில்லை. பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து புகையோடு வெளியே போகிறது. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் உள்ளே உலோகத்தோடு உலோகம் நேரடியாக உரசும், எஞ்சின் கெட்டுப்போகச் சில நிமிடங்களே போதும்.

கலப்பதற்கு முன்னால் உங்கள் மெஷின் டூ ஸ்ட்ரோக்தானா என்று பாருங்கள். பெட்ரோல் மூடி தவிர எஞ்சினுக்கென்று தனி ஆயில் மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், அதில் வெறும் பெட்ரோல்தான் போட வேண்டும். மரம் அறுக்கும் செயின் சாவில் மட்டும் குழப்பம் வரும், ஏனென்றால் அதிலும் இரண்டு மூடி உண்டு. இரண்டாவது, செயினுக்குப் போகும் ஆயில், எஞ்சினுக்கு இல்லை. ஸ்டில் கம்பெனியின் 4-மிக்ஸ் போல, ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தும் கலவையில் ஓடுகிற எஞ்சின்களும் இருக்கின்றன. டேங்க் மூடியிலோ மேனுவலிலோ என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு.

அதே இடத்தில் விகிதமும் இருக்கும். 50:1 என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். எண் பெரிதானால் ஆயில் குறைவு, இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். கணக்கு சுலபம், 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி என்று வந்துவிடும்: 50:1-க்கு 20 மில்லி, 40:1-க்கு 25 மில்லி, 25:1-க்கு 40 மில்லி.

"கொஞ்சம் கூடவே ஊத்தினா எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று நினைக்காதீர்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் சின்னத் துளை (ஜெட்) வழியாகப் போகும் எரிபொருள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. ப்ளக் ஈரமாகிக் கறுத்துப்போகும், சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலையில் கரி அடைக்கும், மெஷின் இழுக்காது. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் போகும் என்பதால் இரண்டில் அதுதான் பெரிய ஆபத்து, ஆனால் அதற்காகக் கூட ஊற்றுவது மருந்து ஆகாது.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாட்டிலில் ஜாசோ எஃப்டி (JASO FD) அல்லது ஐஎஸ்ஓ-எல்-இஜிடி (ISO-L-EGD) என்ற தரக் குறியீடு போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மேனுவல் ஏற்றுக்கொண்டால் ஒரு படி கீழே உள்ள ஜாசோ எஃப்சியும் போதும். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருப்பது தண்ணீரால் குளிர்விக்கும் படகு எஞ்சினுக்கானது. காற்றில் குளிரும் தோட்ட மெஷினின் சூட்டுக்கு அது ஒத்துவராது. கார், பைக்குக்கு ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை எந்த அவசரத்திலும் சேர்க்காதீர்கள்.

பெட்ரோல் புதிதாக இருக்கட்டும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும், டேங்கில் எரிபொருளை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான்.

சரி, கலக்கலாம். திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு கூடாது, பெட்ரோலுக்கென்றே செய்த கேன். தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம், யாராவது எடுத்துக் குடித்துவிடும் அபாயமும் இருக்கிறது. கேனைத் தரையில் வையுங்கள். முதலில் பாதி பெட்ரோல், அடுத்து அளந்த ஆயில் முழுவதும், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றித் திரும்பவும் நன்றாகக் குலுக்குங்கள். ஆயிலை அளக்க ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் அருமையான கருவி, ஆயிலுக்கு மட்டும். பெட்ரோல் பட்டால் அதன் ரப்பர் உப்பி நகராமல் போகும். கோப்பையில் அளப்பவர்கள், சுவரில் ஒட்டி நிற்கும் ஆயிலையும் விடாமல், கோப்பையில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிச் சுழற்றிக் கேனிலேயே சேர்த்துவிடுங்கள். மெஷின் டேங்குக்குள் தனித்தனியாக ஊற்றிக் கலக்கும் வேலை மட்டும் ஆகாது, ஆயில் கலக்காமல் அடியிலேயே நிற்கும்.

கேன் மேல் விகிதத்தையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். ஆயிலின் நீலமோ பச்சையோ சிவப்போ, அந்தச் சாயம் ஆயில் கலந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும், எவ்வளவு என்று காட்டாது. ஒவ்வொரு முறை நிரப்புவதற்கு முன்பும் கேனைக் குலுக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், மூடியைச் சுற்றியிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும், நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுதான் கலக்க வேண்டும், பெரிய கேன் நிறையக் கலந்து வைப்பதில் லாபம் எதுவுமில்லை.

தவறி வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிவிட்டீர்களா? சத்தம் மாறினாலோ வேகம் இறங்கினாலோ அந்த நொடியே அணையுங்கள். டேங்கைக் காலி செய்து, எஞ்சின் ஆறிய பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள்: வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் லேசாக வந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், போயிருக்கலாம். சைலன்சரைக் கழற்றி, அது இருந்த இடத்தில் தெரியும் புகைத் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். அதிகம் சூடாகும் பக்கம் அதுதான், காயமும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் விழும். வழவழவென்று இருந்தால் சரியான கலவையை ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் மேற்கொண்டு கயிற்றை இழுக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.