முதன்முறை சென்னைக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிள்ளானிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் முதன்முறையாக இந்தியாவுக்கு வரும் உறவினர்களை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வரவேற்று ஊருக்கு அனுப்பி வைக்கும் பொறுப்பு எங்கள் வீட்டில் பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல முடியும். மொழி தெரியாத பயணி ஒவ்வொன்றையும் விசாரித்துச் செய்கிறார். தமிழ் பேசும் பயணியோ, அப்பாவும் தாத்தாவும் சொல்லக் கேட்ட மெட்ராஸை நம்பி, விசாரிக்காமலே புறப்பட்டுவிடுகிறார். அவர்கள் படும் சிரமங்களில் பாதிக்கு மேல் இதனால் வருபவை.

சென்ற முறை வந்த என் சித்தப்பா மகளின் குடும்பம் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. "சென்ட்ரல்தானே, எங்களுக்குத் தெரியும் அண்ணா" என்று சொல்லிவிட்டு, நான்கு பெட்டிகளோடு சென்ட்ரலில் போய் நின்றார்கள். ரயிலோ எழும்பூரிலிருந்து. அவர்களுடைய பயணச்சீட்டில் 'எம்.எஸ்.' என்ற குறியீடு தெளிவாக அச்சாகியிருந்தது, அது எழும்பூர். சென்ட்ரலின் குறியீடு 'எம்.ஏ.எஸ்.', தாம்பரத்துக்கு 'டி.பி.எம்.'. ஓர் எழுத்து வித்தியாசத்தை அவர்கள் பார்க்கவில்லை. இரண்டு நிலையங்களுக்கும் இடையில் மெட்ரோவில் ஒரே நிறுத்தம்தான் என்றாலும், பெட்டிகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. பொதுவாகத் திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போகும் ரயில்கள் எழும்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும், கோவை, பெங்களூரு, மும்பை, டெல்லி ரயில்கள் சென்ட்ரலிலிருந்தும் புறப்படுகின்றன. ஆனாலும் பொது வழக்கத்தை நம்பாமல், சீட்டில் உள்ள குறியீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

பேருந்திலும் இதே கதைதான். வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் இன்றும் கோயம்பேடு பேருந்து நிலையம் என்றே சொல்லி அனுப்புகிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டங்களுக்கான அரசுப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டுவிட்டன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் தெற்கே; கோயம்பேடு வடக்கே. தவறான இடத்துக்குப் போனால் ஒரு மாலைப் பொழுது முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும்.

ரயில் பயணச்சீட்டைச் சென்னைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவதும் பெரிய தவறு. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல், தீபாவளி சமயங்களில் சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடும். தவறவிட்டவர்களுக்குத் தட்கல் எனும் கடைசி நேர முன்பதிவு உண்டு. பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும், 11 மணிக்கு மற்ற பெட்டிகளுக்கும் அது திறக்கும். ஆனால் அதை நம்பிக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டாம்.

விசாவில் நம்மவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாததால், அப்பாவின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பலர் குழம்பி, வீட்டில் வழங்கும் முறையில் நிரப்பிவிடுகிறார்கள். கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே எழுத வேண்டும். இல்லையென்றால் விமானம் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடக்கூடும். விண்ணப்பத்துக்கான அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். தோற்றத்தில் அதைப் போலவே இருக்கும் தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொள்கின்றன. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். உறவினர் வீட்டில்தானே தங்குகிறோம் என்றும் இருந்துவிடக் கூடாது. வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்க வைப்பவர், வீட்டுக்காரராகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் இணையவழியே பதிய வேண்டும் என்பது விதி. இது நம் உறவினர்களில் பலருக்கே தெரியாது. நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பெட்டி அடுக்கும்போது இளைஞர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019 முதல் தடை இருக்கிறது. வீட்டு அலமாரியில் பழைய பயணத்தில் மிஞ்சிய ரூபாய் நோட்டுகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8 அன்று இரவோடு இரவாகச் செல்லாதவை ஆயின. 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார்கள். ரொக்கமாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே பூக்காரம்மா வரை கைப்பேசியில் பணம் வாங்கும் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள் என்றாலும், வந்த அன்றே உங்கள் கைப்பேசியில் அந்த வசதி இருக்காது. ஏடிஎம் தருவதோ 500 ரூபாய்த் தாள்கள். மருந்துக்கடையிலோ பெரிய மளிகைக்கடையிலோ முதலில் அதை மாற்றி, பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கையில் வைத்துக்கொண்டால் ஆட்டோவில் சில்லறைக்காக வாக்குவாதம் வராது.

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் இங்கே இறங்குகின்றன. 15ஆம் தேதி அதிகாலை 12.40க்கு இறங்குபவர் 15ஆம் தேதிக்கு அறை பதிவு செய்துவிட்டு, விடுதி வரவேற்பறையில் பகல் வரை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அறையை 14ஆம் தேதியிலிருந்தே பதிய வேண்டும். மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது, மலிவானது, நம்பகமானது. ஆனால் இரவு 11 மணிவாக்கில் சேவை முடிந்துவிடும். அதன் பிறகு முன்கட்டண டாக்சி முகப்பில் சீட்டு வாங்குவதே நல்லது. வாசலில் பெட்டியைப் பிடித்து, "வாங்க சார், எங்க போணும்" என்று தமிழில் அன்பாக அழைப்பவரிடம், நம் மொழிதானே என்று விலை பேசாமல் ஏறிவிட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் உறவினர் வீடென்றும் கூச்சப்படாமல், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரையே கேளுங்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீர் அவர்களுக்குப் பழகியது. உங்கள் வயிற்றுக்குப் புதிது. அத்தை மனம் வருந்துவாரே என்று குடித்துவிட்டு மூன்று நாள் படுத்தவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொடி இரண்டு உறைகள் கைப்பையில் இருக்கட்டும்; உறையில் குறித்த அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைப் பகல் ஒரு மணிக்குப் பார்க்கப் போய்ப் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவோர் பலர். கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலையில்தான் திறக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. மெரினாவில் கால் நனைக்கலாம். இறங்கிக் குளிக்க வேண்டாம், அங்கே நீரின் இழுப்பு ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோகிறது.

கடைசியாக, மாதம். பள்ளி விடுமுறையை வைத்து மே மாதத்தில் வந்து அக்னி நட்சத்திர வெயிலில் குழந்தைகளை வாட்டுபவர்களையும், நவம்பரில் வந்து மழையில் முடங்குபவர்களையும் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே பல நாட்கள் மூடிக் கிடந்தது. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி வரை வர முடிந்தால், மார்கழிக் கச்சேரிகளும் பொங்கலும் கிடைக்கும். காலையில் குளத்தங்கரை ஓரமாக நிதானமாக நடக்கவும் முடியும்.