கற்பனை ஓட்டல் வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் ஒரு படிப்பகத்தில் சனிக்கிழமை வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். கல்லூரி முடித்த ஒரு தங்கச்சி புதிதாக எடுத்து நடத்துகிறாள். பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வைத்து, "எல்லாரும் அவங்கவங்க ஓட்டலுக்கு ஒரு பேர் யோசிங்க" என்று ஆரம்பித்தாள். ஒன்றேகால் மணி நேர வகுப்பில் முக்கால் மணி நேரம் பேரிலும் லோகோவிலும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் குளச்சல் பக்கம் நான் எடுத்த முதல் வகுப்பும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

வகுப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து ஓர் ஓட்டலைக் கற்பனை செய்கிறார்கள். எந்த ஊரில் நடத்துவது, என்ன சாப்பாடு போடுவது, சாமான் எங்கிருந்து வரும், ஒரு தட்டுக்கு என்ன செலவாகும் என்பதையெல்லாம் இணையத்தில் தேடியும் ஆட்களிடம் கேட்டும் தெரிந்துகொள்கிறார்கள். ஆறாவது வாரம் ஊர்க்காரர்கள் முன்னால் நின்று பத்து நிமிஷம் பேசுகிறார்கள். ஓட்டல் ஒரு சாக்குதான். தேடுவதற்கும், தேடிக் கிடைத்ததைச் சந்தேகப்படுவதற்கும், அதை நாலு பேர் முன்னால் சொல்வதற்கும் பிள்ளைகளைப் பழக்குவதே எங்கள் வேலை.

சார்ஜ் இல்லாத லேப்டாப், டவர் கிடைக்காத மூலையில் வகுப்பு, பாஸ்வேர்டு மறந்துபோவது, இவற்றை நான் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் யாருக்கும் புரிந்துவிடும்.

பேரில் தொடங்குவது

பேரிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குத் தேட ஒன்றும் இருக்காது. எழுத்தின் நிறத்தையும் பின்னணிப் படத்தையும் மாற்றிக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டிவிடுவார்கள். ஒரு சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். பேரை நாலாவது வாரம் வைத்துக்கொள்ளலாம்.

நான் இப்போது முதல் நாள் கையில் ஒரு மரச்சீனிக்கிழங்கோடு போகிறேன். மண் ஒட்டிய கிழங்கை நடுவில் வைத்து, "இது எந்த ஊர் சாமான்?" என்று கேட்பேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் "நம்ம ஊரு" என்பார்கள். வீட்டு முற்றத்துக்குப் பின்னால் நிற்கிற செடிதானே! தேடிப் பார்த்தால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று தெரியும். இன்னும் தோண்டினால், நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரைப் பரப்பினார் என்பது கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது இங்கே வயிறுகளை நிரப்பியது இந்தக் கிழங்குதான் என்பதும் வரும். ஒரு பிள்ளை அதை வீட்டில் போய்ச் சொல்லி, பஞ்ச காலத்துக் கதையைத் தன் பாட்டியிடமிருந்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு கிழங்கு, மூன்று வாரம் தேட இடம் கொடுத்தது.

ஒரே பேரை வைத்துத் தேடுவது

நம் பிள்ளைகள் நன்றாகத் தேடுவார்கள். ஆனால் வீட்டில் சொல்லும் சொல்லை அப்படியே போட்டுத் தேடுவார்கள். "சாளை" என்று அடித்தால் நமக்கு வேண்டியதில் பாதி வராது. மற்ற ஊர்களில் அதற்கு மத்தி என்று பேர். நம் அயிலை அங்கே கானாங்கெளுத்தி, நம் நெய்மீன் அங்கே வஞ்சிரம். மரச்சீனி மரவள்ளியாகிவிடுகிறது, அக்கானி பதநீராகிவிடுகிறது, ஏத்தன் நேந்திரமாகிவிடுகிறது.

அதனால் தேடுவதற்கு முன்னால் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் வீட்டுப் பேர், இரண்டாவதில் மற்ற ஊர்ப் பேர், மூன்றாவதில் அறிவியல் பேர். மூன்றாவது கட்டத்தை நிரப்பத் தெரிந்துவிட்டால் பேர்க் குழப்பம் தீர்ந்தது. மரச்சீனியோ மரவள்ளியோ கப்பையோ, எல்லாம் மானிஹாட் எஸ்குலென்டாதான். அதை வாய்க்குள் உருட்டிச் சொல்வதில் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமையும் உண்டு.

"எங்கேருந்து எடுத்தே?" என்பதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது

இந்தக் கட்டுரையையே இதற்காகத்தான் எழுதுகிறேன். திருவட்டாறு வகுப்பிலும் இதே வாக்கியம் காதில் விழுந்தது: "அதைப் பிறகு எழுதிக்கலாம், மொதல்ல ஸ்லைடை முடிங்க." இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இந்த வாக்கியத்தை நானே ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் வருஷம். ஒரு குழு குளச்சலில் மீன் சாப்பாட்டுக்கடை போட்டிருந்தது. அதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நல்ல கெட்டிக்காரன், மீன்பிடித் தடைக்காலத்தைத் தேடி எடுத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதை வைத்து அருமையாக ஒரு திட்டமும் போட்டான்: தடைக்காலம் முழுக்க மரச்சீனியும் பயறும், ஜூன் 15ஆம் தேதி நெய்மீன் திருவிழாவோடு மீன் மறுபடி தொடக்கம். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "டீச்சர், இது எங்கேருந்து எடுத்தேன்னு எழுதணுமா?" என்று அவனாகவே கேட்டான். பிறகு எழுதிக்கலாம் என்றேன்.

ஆறாவது வாரம் படிப்பகம் நிறைய ஆட்கள். பையன் மைக்கைப் பிடித்து நெய்மீன் திருவிழா ஸ்லைடைக் காட்டினான். பின்வரிசையிலிருந்து மீன்பிடி போட்டில் போகிற ஒரு அண்ணன் எழுந்து, சாதாரணமாகத்தான் கேட்டார்: "மக்ளே, ஜூன் பதினஞ்சுல நம்ம போட்டெல்லாம் கரையிலல்லா கெடக்கும்? நெய்மீன் எங்கேருந்து வரும்?"

சபை சிரித்தது. பையன், "நெட்ல போட்டிருந்துச்சு" என்றான். "எந்த நெட்ல மக்ளே?" அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அடுத்த இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. வந்த பிறகும் அந்த வருஷம் முழுக்க மைக்கைத் தொடவில்லை.

அவன் எடுத்த தேதி பொய்யில்லை. அது கிழக்குக் கடற்கரைக்கான தேதி. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டில் மற்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு முதல் தேதி மட்டும் போதும். நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் போட்டுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போட்டுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு. இது போக, தடையே 45 நாளாக இருந்த காலத்தில் எழுதிய பக்கங்களும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. ஆக ஒரு கேள்விக்கு மூன்று பதில். மூன்றுமே ஏதோ ஒரு கடற்கரைக்கு, ஏதோ ஒரு வருஷத்துக்குச் சரி. எந்தப் பக்கம், எப்போது எழுதியது, எந்த ஊருக்கு எழுதியது என்று அன்றைக்கே குறித்திருந்தால், மூன்றாவது வாரமே "இதுல குளச்சல்னு எங்கேயும் இல்லையே" என்று அவனே கண்டுபிடித்திருப்பான்.

கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்பவர்கள் மூலக் குறிப்பை ஏதோ சம்பிரதாயம் மாதிரி, கல்யாணப் பத்திரிகையின் அடியில் போடும் "தங்கள் நல்வரவை விரும்பும்" மாதிரி நினைக்கிறார்கள். அந்தக் குறிப்பை எழுத உட்காரும் நிமிஷத்தில்தான் பிள்ளை அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை பார்க்கிறது. சந்தேகம் வருவதே அப்போதுதான். மூன்று வாரம் கழித்து எழுதச் சொன்னால் அந்தப் பக்கம் எதுவென்றே பிள்ளைக்கு நினைவிருக்காது. "கூகுள்" என்று எழுதிக் கொடுக்கும். நாமும் வாங்கி வைத்துக்கொள்வோம்.

இப்போது நான் செய்வது இது. நோட்டைக் குறுக்காகத் திருப்பி ஐந்து கோடு: கேள்வி, பதில், எந்தப் பக்கம், அந்தப் பக்கம் எழுதிய தேதி, யாரிடம் கேட்டுச் சரிபார்த்தோம். ஐந்தும் நிரம்பாமல் அடுத்த தேடலுக்குப் போகக் கூடாது. முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் சிணுங்குவார்கள். விட்டுக் கொடுக்காதீர்கள். நாலாவது கோட்டின் அருமை மட்டி வாழைப்பழத்தைத் தேடும்போது தெரியும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னால் எழுதிய பக்கங்களில் அந்தச் சேதி இருக்காது. இரண்டு பிள்ளைகள் இதற்காகச் சண்டையே போட்டார்கள். தேதியைப் பார்த்ததும் சண்டை அடங்கியது.

இப்போதெல்லாம் தேடினால் உச்சியிலேயே ஏஐ எழுதிய சுருக்கம் வந்து நிற்கிறது. அதை மூன்றாவது கோட்டில் எழுத நான் விடுவதில்லை. அது சொல்வதைக் கேள், கீழே அது எடுத்த பக்கத்தைத் திற, அந்த வரியை உன் கண்ணால் பார், பிறகு எழுது. இதே தடைக்காலத்தை அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். ஊர்ப் பேரைச் சேர்த்துக் கேட்பதற்கும் சேர்க்காமல் கேட்பதற்கும் என்ன வித்தியாசம் வருகிறது என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதுவே ஒரு முழு வகுப்பு.

மறு வருஷம் வேறொரு குழு அதே குளச்சல் கடையை எடுத்தது. ஐந்து கோட்டையும் நிரப்பிவிட்டு ஒரு பிள்ளை சொன்னாள்: "ஜூன் ஒண்ணுலேருந்து பதினாலு வரைதான் டீச்சர் ரெண்டு பக்கத்து போட்டும் கெடையாது. பதினஞ்சுக்கு மேல சின்னமுட்டத்துலேருந்து வாங்கலாமே?" தடை விசைப்படகுகளுக்குத்தான், வள்ளங்கள் என்கிற நாட்டுப் படகுகள் போகும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்து, அந்தப் பதினாலு நாளுக்கு வள்ளத்தில் கிடைக்கிற சாளையையும் நெத்தோலியையும் போட்டார்கள். இது எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. நாலு பக்கங்களிலிருந்தும் ஓர் ஆளிடமிருந்தும் அவர்கள் கோத்து எடுத்தது.

விலையை மனசுக்குத் தோன்றியபடி போடுவது

"ஒரு பிளேட் அம்பது ரூவா." ஏன் ஐம்பது? பதில் வராது. கிழங்கு, மீன், தேங்காய், எண்ணெய், கேஸ், கூலி, வாடகை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத வையுங்கள். சென்னைக் காசிமேட்டு மீன் விலையை இணையத்தில் எடுத்து நம் கடைக்குப் போடுவார்கள், கவனியுங்கள். வடசேரி சந்தைக்கோ பக்கத்துச் சந்தைக்கோ அம்மாவோடு போய்க் கேட்டு, தேதியோடு எழுதி வரட்டும்.

இன்னொரு நல்ல பயிற்சி: வீட்டில் கிடக்கும் ஓட்டல் பில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் 14 இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அந்த எண்ணை அரசின் உணவுப் பாதுகாப்பு இணையதளத்தில் போட்டால் உரிமம் யார் பேரில், செல்லுபடியாகிறதா என்று காட்டும். கசங்கிய ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து அரசாங்க ஆவணம் வரைக்கும் போக முடியும் என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நெட்டில் இருந்து படம் எடுத்து ஒட்டுவது

வேண்டாம். வீட்டுச் சட்டியைப் படம் எடுக்கட்டும்.

அப்பா அம்மா செய்து கொடுத்த ஸ்லைடு

திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்லைடைப் பார்த்து வாசிக்க விடுவது

ஸ்லைடில் பத்து வரி இருந்தால் பிள்ளை ஆட்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், ஆறு சொல், அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் ஒத்திகையின் நடுவில், சொல்லாமல் புரொஜெக்டரை நிறுத்திவிடுவேன். மழைக்காலத்தில் நம் ஊர் கரண்ட் எப்படியும் ஒரு நாள் இதைச் செய்யத்தான் போகிறது. பிள்ளைகள் அதற்கு முன்பே பழகிக்கொள்ளட்டும். அப்படி நிறுத்திய ஒரு நாளில், முன்வரிசைக்குக்கூடக் கேட்காத குரலில் பேசும் ஒரு பெண்பிள்ளை, பையிலிருந்து ஏத்தங்காயை எடுத்து உயர்த்திப் பிடித்து, சிப்ஸுக்கு எந்தப் பருவத்துக் காய் வேண்டும், தோலில் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னாள். அவள் அப்பா வாழைக்காய் வியாபாரி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கைதட்டுபவர்களை மட்டும் கூப்பிடுவது

பெற்றோரும் ஆசிரியர்களும் கைதட்டுவார்கள். கேள்வி கேட்க, அந்தத் தொழில் தெரிந்த ஒருவராவது வேண்டும். ஆனால் அவரைக் கடைசி நாள் கூப்பிடாதீர்கள். இரண்டாவது வாரமே கூப்பிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார வையுங்கள். அன்றைக்கு எழுந்து கேட்ட அந்த அண்ணன்தான் இப்போது எங்களுக்கு வருஷா வருஷம் வருகிறார். தான் கேட்ட கேள்வியால் ஒரு பையன் வராமல் போனான் என்று தெரிந்ததும், அவன் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். ஐந்தாவது கோட்டில் எழுதும் பேர்களில் முதல் பேர் பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். போட்டு கடலுக்குப் போகிற நாட்களில் ஆள் கிடைக்க மாட்டார். அதனால் மீன் எடுக்கும் குழுக்களுக்கு வகுப்பை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்கிறோம்.