சாளையில் நின்ற ஹெரால்டு காரை மலையேற்றுவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தக் கையால் ஓட வைக்க ஆசைப்படுபவர்களுக்கு முதல் வண்டியாக நாங்கள் கை காட்டுவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1960களில் மெட்ராஸில் தயாரான வண்டி. 948 சிசி, நாலு சிலிண்டர். இதன் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் 1962இல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இந்தச் சொந்தத்தால்தான் முன் சஸ்பென்ஷன் சாமான்கள் இன்றும் பிரிட்டனில் புதிதாகவே கிடைக்கின்றன. பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். பாடி தனி, சேஸி தனி, எல்லாம் போல்ட்டில் நிற்கிறது. பழகுவதற்கு இதைவிடத் தோதான வண்டி நம் நாட்டில் ஓடியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெயிண்ட் கடைசி. டிங்கர், பெயிண்ட் என்று ஆரம்பித்தவர்களின் வண்டி பளபளப்பாக ஷெட்டிலேயே நின்றுவிடும், கையில் இருந்த காசும் அதோடு தீர்ந்துவிடும். முன் சக்கரம், பிரேக், இன்ஜின். இந்த வரிசையில் போங்கள். நாலு பேர் சேர்ந்து செய்யுங்கள். செயின் பிளாக், ஸ்பேனர் செட் ஒன்று இருந்தால் நாலு வண்டிக்கும் போதும். பிரிட்டனிலிருந்து சாமான் வரவழைக்கும் செலவும் பங்காகிவிடும்.

வாங்கும் முன்

கோவை, ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் காற்றில் உப்பு கிடையாது. தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) பல வருஷம் நின்ற வண்டியானாலும் கடற்கரை ஊரில் ஓடிய வண்டியைவிடச் சேஸி பெரும்பாலும் நன்றாக இருக்கும். ரப்பர் வெடித்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டி ஒட்டும் வேலை இருக்கிறது.

அடுத்து, ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும்; இன்னொருவர் இன்ஜின் முன்னால் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னுக்கு நகர்ந்தால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இருக்க வேண்டிய ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ. தேய்வு முற்றினால் அந்த அரைவட்ட வாஷர் சம்ப்புக்குள் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்) விழுந்து, கிராங்க் நேரடியாகப் பிளாக்கில் உரசும். வாஷர் சின்ன செலவு. பிளாக் போனால் இன்னொரு இன்ஜின் தேட வேண்டும். விலை பேசும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்பேனர்

இதில் நட், போல்ட்டுக்கு மில்லிமீட்டர் அளவு கிடையாது, இஞ்ச்தான். 7/16, 1/2, 9/16 ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம்) அளவுகள் தேவை. 1/2 இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் உட்காருவது போலத் தெரியும், துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்ததும் முனை மழுங்கிவிடும். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் நல்ல பழைய இஞ்ச் ஸ்பேனர்கள் மாட்டும்.

முன் சக்கரத்து டிரன்னியன்

இந்த வண்டியில் உயிரோடு விளையாடும் உருப்படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை உள்ளேயே சுழல்கிறது. இதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் போட வேண்டும்.

"கிரீஸ் அடிச்சுடலாமுங்க, ரொம்ப நாளைக்குத் தாங்கும்" என்று பட்டறையில் அன்பாகத்தான் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, காய்ந்து கட்டியாகிவிடும். மழைத்தண்ணீர் உள்ளே நின்று இரும்பை அரிக்கும். மரை இறுகிப் போன பிறகு, ஸ்டியரிங்கைத் திருப்பும் பலம் முழுவதும் அந்த அரித்த இடத்தை முறுக்கும். ஒருநாள் இரும்பு ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்கடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நடக்கும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செய்முறை: வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. சக்கரத்தைக் கழற்றி, செங்குத்து இரும்பை டிரன்னியனிலிருந்து திருகி வெளியே எடுங்கள். இடதுபக்கத்து மரையும் வலதுபக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை, மாறிவிடாமல் எழுதி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, மரையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குழி குழியாக அரித்திருந்தால் அந்த இரும்பைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மேலுக்கு நன்றாகத் தெரிந்தாலும் டை பெனட்ரன்ட் சோதனை செய்துவிடுங்கள். ஃபவுண்டரிகளுக்கு வார்ப்புகளைச் சோதித்துத் தரும் லேப்கள் கோவையில் இருக்கின்றன. சிவப்பு மையை அடித்து, துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவினால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும்.

கோவை கணபதி, பீளமேடு லேத் பட்டறைகளின் கைத்திறனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எதைக் கொடுத்தாலும் கடைந்து தருவார்கள். இருந்தாலும் இந்த இரும்பைக் கம்பியில் கடையக் கொடுக்காதீர்கள். அது ஃபோர்ஜிங்கில் அடித்துச் செய்த உருப்படி. கடைந்த கம்பிக்கு அந்தப் பலம் வராது. புதிதாக வாங்குவதே சரி.

திரும்ப மாட்டும்போது டிரன்னியனை முழுக்கத் திருகி இறுக்கிவிட்டு, பிறகு ஸ்டியரிங் இரண்டு கோடிக்கும் தடையில்லாமல் திரும்பும் அளவுக்கு மட்டும் பின்னுக்குத் திருப்புங்கள். டிரன்னியனில் உள்ள சின்ன பிளக்கைக் கழற்றி, ஆயில் கன்னால் மேல் சீல் ஓரம் ஆயில் கசியும்வரை அடியுங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வண்டி குறைவாக ஓடினால், மழைக்கு முன்னும் பின்னும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை.

பிரேக்

ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். எங்கே கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் பழைய ரப்பர் எதையும் விட்டு வைக்காதீர்கள்: மாஸ்டர் சிலிண்டர் வாஷர்கள், வீல் சிலிண்டர் கப்புகள், வளையும் ஹோஸ்கள் எல்லாம் புதிது. சிலிண்டர் உள்சுவரில் நகம் தட்டினால் சிலிண்டரையும் மாற்றுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் லைனுக்குள் நிற்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் அந்தச் சக்கரத்துக் காற்று நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம், இல்லாவிட்டால் எடுத்த காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

இன்ஜினை எழுப்புதல்

நேராகச் சாவியைத் திருப்பாதீர்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒருநாள் ஊற விடுங்கள். நாலாவது கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னும் பின்னும் தள்ளுங்கள். இன்ஜின் சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் இன்னும் ஊறட்டும், முரட்டுத்தனம் வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 சுமார் 4 லிட்டர், டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள்.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.64 மி.மீ., டேப்பட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ. ஃபயரிங் வரிசை 1-3-4-2. டேப்பட்டுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு, கூட்டுத்தொகை 9. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய்யுங்கள். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது.

பெட்ரோல் டேங்க்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி இளகிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் கேட்டு வாங்குங்கள். ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளையும் கடின உலோகத்தில் மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. ஈயம் இல்லாமல் நீண்ட ஓட்டத்தில் பழைய சீட் தேய்ந்து உள்ளே இறங்கும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குழாயில் படிந்து, சித்திரை வெயிலில் முதல் ஏற்றத்திலேயே கொதிக்கும். சிறுவாணித் தண்ணீர் தேவலை; டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலப்பதே நல்லது.

பேப்பர்

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேஸி, பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால், 2021 விதிப்படி வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர் போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் ஓட்டலாம். நினைத்தபோது எடுத்து ஓட்ட விரும்புகிறவர்கள் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து ஓட்டுவது

முதல் ஓட்டம் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை, சமதரை. விடியற்காலையில் கிளம்புங்கள். ஆழியாறில் நிறுத்தி நாலு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கசிவு எதுவும் இல்லையென்றால் அடுத்த தடவை வால்பாறைப் பாதையில் ஏறலாம்.

அங்கே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஹெரால்டின் பின் ஆக்ஸில் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயத்தில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வண்டியின் பின்புறம் எழும்பி வெளிப்பக்கச் சக்கரம் உள்ளுக்கு மடங்கும், வால் வீசும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே மெல்லிய ஆக்ஸிலேட்டரிலேயே கடந்து போங்கள். முதல் கியரில் சிங்க்ரோ (ஓட்டத்திலேயே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. வளைவில் தேவைப்படும் என்று தெரிந்தால் கிட்டத்தட்ட நின்ற பிறகு போடுங்கள், பல் உரசாது. இறக்கத்தில் இரண்டாவது கியர். டிரம் பிரேக் தொடர்ந்து சூடானால் பிடிக்காது. பெடல் ஆழமாகப் போக ஆரம்பித்தால் ஓரங்கட்டி, ஆறும்வரை காத்திருங்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பின்வண்டி தெரிகிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.