குஞ்சுகளுக்கு ஆற்றுமணல், தனிக் கிண்ணத்தில்

கோழிக்குஞ்சுகளுக்குக் குருணையோ கீரையோ கொடுக்கத் தொடங்கும் நாளிலேயே, வீடு கட்டி மிஞ்சிய ஆற்றுமணலைச் சலித்துக் கேழ்வரகு மணி அளவுள்ள பருக்கைகளை மட்டும் எடுத்து, நன்றாகக் கழுவி உலர்த்தி, தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; இரையை அரைக்கக் கோழிகளுக்கென விற்கும் கல்துகளை வாங்கும் செலவு மிச்சமாகும்.

பல் இல்லாத கோழி, தானியத்தையும் நாரையும் அரைவைப்பையில் தங்கும் சிறு கற்களைக் கொண்டே அரைத்துக்கொள்கிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து வண்டல் களிமண் முற்றங்களில் குஞ்சு எவ்வளவு கிளறினாலும் அத்தகைய கல் எளிதில் அகப்படாது என்பதால், மேயவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. தனிக் கிண்ணம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்: கலந்து வைத்தால் பசியில் மணலையே தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். முதல் சில நாட்கள் தீவனத்தை மட்டுமே தின்னப் பழக்க வேண்டியதும் இதனால்தான்.

கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தை மட்டுமே தின்னும் குஞ்சுக்கு மணல் தேவையில்லை. அந்தத் தீவனம் முன்பே அரைபட்டது, நீரில் ஊறியதும் கரைந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரை மணல் உப்புள்ளது, ஆகாது. முட்டையிடும் கோழிக்கு வைக்கும் கிளிஞ்சல் தூளையும் இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.