கம்பியூட்டர் இழுபடுதா? முதலில் இதைப் பாருங்கள்

வீட்டுக் கம்பியூட்டர் இழுபட்டால், ஃபோர்மட் அடிக்க உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் அதில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதை மாற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். காசு செலவழிப்பதென்றால் முதலில் இதற்குத்தான். அதற்கு முன், பிள்ளைகளின் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொன்றில் கொப்பி எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

அதே டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், தானாகத் திறக்கும் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யலாம். அன்டிவைரஸை மட்டும் தொடவேண்டாம்.

கம்பியூட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுபடுகிறதா? சூடாக இருக்கலாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடற்காற்றின் ஈரத்தோடு ஒட்டும் தூசி சும்மா ஊதினால் போகாது. ப்ரொசசருக்கு மேலுள்ள, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே பஞ்சுபோல அடைந்துவிடும். சூடு ஏறினால் ப்ரொசசர் தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகலாம். கம்பியூட்டர் கேஸைத் தரையில் வைக்காமல், கடற்பக்க ஜன்னலுக்குத் தள்ளி மேசைமேல் வையுங்கள்.