போர் தண்ணியில் தலைக்குக் குளிக்கிறீர்களா? ஷாம்பூவை மாற்றும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

தாம்பரம் பக்கம் குடிவந்த பிறகு என் முடி நனைந்திருக்கும்போது பிசுக்காகவும் காய்ந்ததும் சொரசொரப்பாகவும் ஆனது. சீப்பு இறங்கவே இல்லை. போர் தண்ணியைச் சோதித்து, குளிக்கும் முறையை மாற்றிய பிறகுதான் சரியானது. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உதிர்கிறதா, உடைகிறதா?

சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது இயல்பு. அதைவிட அதிகமானால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, இரண்டு மூன்று மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல் என்று காரணம் வேறாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். குமிழ் இல்லாத துண்டு முடிகளே அதிகம் என்றால் முடி உடைகிறது, தொடர்ந்து படியுங்கள்.

2. பாட்டில் சோதனை

ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில். ஒன்றில் பாத்ரூம் குழாய்த் தண்ணி, மற்றதில் பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். கால் பாட்டில் போதும். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் வெள்ளைத் திரி திரியாக மிதந்தால் தண்ணி கடினமானது. சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் அந்தத் திரிதான் தலைக்கு சோப்பு போட்டால் முடியில் ஒட்டும் பிசுக்கு. ஷாம்பூவை வைத்து இதைச் செய்யாதீர்கள், கடின நீரிலும் அது நுரைக்கும்.

3. அளப்பது (இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது)

எல்லாரும் டிடிஎஸ் மீட்டரைத்தான் நீட்டுவார்கள். அது மின்கடத்தலை வைத்து, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாகக் கணக்கிடுகிறது. முடிக்குப் பகை கால்சியமும் மக்னீசியமும். ஒரே டிடிஎஸ் காட்டும் இரண்டு கிணறுகளில் ஒன்றில் பெரும்பங்கு சோடியம் உப்பாகவும், மற்றதில் கால்சியமாகவும் இருக்கலாம். மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே கடினத்தன்மைக்கான சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். என் தேர்வு அதுதான், நிறம் மாறும் காகிதப் பட்டை அல்ல. தண்ணியில் முதல் இரண்டு மருந்தையும் கலந்தால் ஒயின் சிவப்பாகும். பிறகு மூன்றாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். நடுவில் ஊதா நிறம் வரும், அங்கே நிறுத்திவிடாதீர்கள். சிவப்பின் சாயலே இல்லாத சுத்த நீலம் வரும்வரை விடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் குழப்பும், பகலில் ஜன்னலோரம் செய்யுங்கள். ஒரு சொட்டுக்கு எவ்வளவு என்பது கிட்டின் தாளில் இருக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. முடிக்கென்று தனி அளவு கிடையாது. 300-ஐத் தாண்டினால் அடுத்த படியைச் செய்யுங்கள் என்பது என் கருத்து.

4. குளிக்கும் முறை

தலைக்கு சோப்பு வேண்டாம். ஷாம்பூவை ஒரு மக் நல்ல தண்ணியில் கரைத்து ஊற்றுங்கள். போர் தண்ணியில் அலசி முடித்து, கடைசி இரண்டு மூன்று மக் மட்டும் ஆர்ஓ தண்ணியோ பிடித்து வைத்த மழைத் தண்ணியோ விடுங்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது இதில்தான். சீயக்காயும் அரப்பும் சோப்பு மாதிரித் திரியாது, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே படிந்த உப்புக்கு, ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசுங்கள். தலையில் புண் இருந்தால் வேண்டாம்.

ஷவர் ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் இருப்பது கரி, அது குளோரினைக் குறைக்கும், கால்சியத்தை எடுக்காது. ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர்தான் கடினத்தன்மையை நீக்கும். கால்சியத்துக்குப் பதில் சோடியத்தை அது விடுவதால் டிடிஎஸ் குறையாது. மீட்டரைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், சொட்டு கிட்டில் பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: ஆர்ஓ கழிவுத் தண்ணியில் அலசலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. உள்ளே போன உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். கொதிக்க வைத்து ஆற்றினால் பைகார்பனேட்டாக இருக்கும் பங்கு மட்டும் படியும், மீதி அப்படியே நிற்கும்.

பிற்சேர்க்கை 2: பொடுகு போகவில்லை என்று சிலர் எழுதினீர்கள். பொடுகில் மலசீசியா என்ற பூஞ்சைக்குப் பங்கு உண்டு, தண்ணியை மாற்றினால் மட்டும் அது அடங்காது. கீட்டோகோனசோல் ஷாம்பூ பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வழுக்கைக்கும் இதில் தீர்வு இல்லை.

பிற்சேர்க்கை 3: ஒரே வீட்டில் இரண்டு நாளில் இரண்டு அளவு வருகிறது என்றால் சம்ப்பைப் பாருங்கள். லாரித் தண்ணி கலந்த அன்று எண் மாறலாம். போர் மட்டும் ஓடும் நாளில் எடுத்த அளவை வைத்தே முடிவு செய்யுங்கள்.